தூய வனேடியக் கலவை செய்வது எப்படி: ஆக்சைடு தூளிலிருந்து இணைவு உலைத் தகடு வரை

அணுக்கரு இணைவு உலையின் உள்சுவருக்கு எந்தப் பொருள் என்று கேட்டால் நிபுணர்கள் சொல்லும் பெயர்கள் மிகக் குறைவு. கதிரியக்கம் சீக்கிரம் அடங்கும்படி செய்த எஃகு முதலில் வரும். சிலிக்கான் கார்பைடு இன்னொன்று. மூன்றாவது வனேடியக் கலவை. 14 மெகா எலெக்ட்ரான்வோல்ட் நியூட்ரான்கள் வருடக்கணக்கில் தாக்கினாலும் அதில் நீண்டகாலக் கதிரியக்கம் அதிகம் சேராது. 700 டிகிரி செல்சியஸ் வரை வலுவோடு நிற்கும். உலையைக் குளிர்விக்க ஓடவிடும் திரவ லித்தியத்தோடு ஒத்துப்போகும். சாதாரண வகை உலை எஃகு 550 டிகிரியை ஒட்டியே தளரத் தொடங்கிவிடும் என்பதால் இந்த 700 பெரிய விஷயம்.

எடைப்படி 4% குரோமியம், 4% டைட்டானியம், மீதி வனேடியம்: இதுதான் இன்று உலகம் முழுக்க ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொள்ளும் கலவை. இனி இதை 4-4 என்றே சொல்கிறேன். அமெரிக்காவில் முதலில் 15% குரோமியம் போட்டுப் பார்த்தார்கள். வலு கிடைத்தது, ஆனால் எளிதில் உடைந்தது. குரோமியமும் டைட்டானியமும் சேர்ந்து 10% தாண்டினால் கலவை நொறுங்கும் பக்கம் சாய்கிறது என்பது புரிந்த பிறகுதான் ஆர்கான் தேசிய ஆய்வகம் 4-4 பக்கம் வந்தது. 1990-களில் அமெரிக்காவில் 500 கிலோ வார்ப்பு ஒன்றும், சான் டியேகோவின் டி-3-டி டோகமாக்குக்காக (காந்தப்புலத்தால் பிளாஸ்மாவை அடைத்துவைக்கும் இணைவுச் சாதனம்) 1,200 கிலோ வார்ப்பு ஒன்றும் செய்தார்கள். ஜப்பானின் டோக்கி நகரில் உள்ள தேசிய இணைவு அறிவியல் நிறுவனம் 2000-ஐ ஒட்டி 30 கிலோவும் பிறகு 166 கிலோவும் செய்தது. எடையில் ஜப்பான் வார்ப்பு சிறியது, ஆனால் தூய்மையில் ஒரு படி மேல். அமெரிக்க வார்ப்பில் ஆக்சிஜன் 300 பிபிஎம்-ஐத் (பத்து லட்சத்தில் 300 பங்கு) தாண்டியது. ஜப்பான் வார்ப்பில் சுமார் 150. அந்தப் பாதிதான் வெல்டிங்கில் எல்லாவற்றையும் மாற்றியது. ஆகவே இந்த வழிகாட்டி பெரும்பாலும் ஜப்பான் வழியைப் பின்பற்றுகிறது.

ஒரு எச்சரிக்கை: இது தொழிற்சாலை வேலை. மூலப்பொருளான வனேடியம் பென்டாக்சைடு (கீழே ஆக்சைடு என்று சொல்வது இதைத்தான்) தூள் நுரையீரலுக்கு நஞ்சு, அலுமினியத்தோடு அது எரியும்போது 2,000 டிகிரியைத் தாண்டும். கொல்லைப்புறத்தில் முயற்சி செய்கிற விஷயம் இல்லை.

இரண்டு வகை அழுக்கு

எந்தப் படியில் எதைக் கவனிக்க வேண்டும் என்பது இதைப் புரிந்துகொள்வதில்தான் இருக்கிறது.

முதல் வகை, உலோக அணுக்களின் இடுக்கில் நுழைந்துகொள்ளும் சின்ன அணுக்கள்: ஆக்சிஜன், நைட்ரஜன், கார்பன், ஹைட்ரஜன். இவை உலோகத்தைக் கடினமாக்கி உடைய வைக்கும். இரண்டாவது வகை, நியூட்ரான் பட்டதும் நீண்டகாலக் கதிரியக்கமாக மாறும் தனிமங்கள். நயோபியம் இதில் முதல் எதிரி. அதிலிருந்து பிறக்கும் நயோபியம்-94-க்கு அரை ஆயுள் சுமார் 20,000 ஆண்டு. அதனால்தான் நயோபியத்தை ஒரு பிபிஎம் அளவில் அடக்கி வைக்கப் பார்க்கிறார்கள். மாலிப்டினம் டெக்னீஷியம்-99 தரும். அலுமினியம் அலுமினியம்-26 தரும், அதன் அரை ஆயுள் 7 லட்சம் ஆண்டுக்கு மேல். கோபால்ட் பரவாயில்லை, அதன் கதிரியக்கம் ஐந்தேகால் ஆண்டில் பாதியாகும். ஆனாலும் பராமரிப்பு ஆட்கள் கிட்டே போகவேண்டிய காலத்தில் தொல்லை தரும்.

நைட்ரஜன் இரண்டு பட்டியலிலும் இருக்கிறது. உலோகத்தை உடைய வைப்பதும் அதுதான், நியூட்ரான் பட்டு 5,730 ஆண்டு அரை ஆயுள் கொண்ட கார்பன்-14 ஆவதும் அதுதான்.

ஆக்சிஜனை வெளியேற்ற நடுவில் ஒரு படி உண்டு. நைட்ரஜனை வெளியேற்றப் படியே இல்லை. நயோபியத்துக்கும் இல்லை. ஆகவே தூய்மை என்பது கடைசியில் செய்கிற சுத்திகரிப்பு அல்ல, முதல் நாளே தீர்மானமாகிவிடும் ஒன்று. கீழே வரும் படிகள் எல்லாம் இதைச் சுற்றித்தான் சுழல்கின்றன.

படி 1: ஆக்சைடைத் தேர்ந்தெடுப்பது

சீனாவின் பான்ஜிஹுவா, தென்னாப்பிரிக்காவின் புஷ்வெல்ட், ரஷ்யாவின் கச்கனார் ஆகிய இடங்களின் டைட்டானியம் கலந்த மேக்னடைட் தாதுதான் உலக வனேடியத்தின் பெரும் ஊற்று. தாதுவிலிருந்து இரும்பு எடுக்கும்போது வனேடியம் கசடில் சேரும். கசடை உப்போடு வறுத்து, நீரில் கரைத்து, அம்மோனிய உப்பு சேர்த்தால் அம்மோனியம் மெட்டாவனடேட் வெண்படிகமாக இறங்கும். தூய்மை வேண்டுமென்றால் இதை மறுபடி கரைத்து மறுபடி படிய வைக்க வேண்டும். மாலிப்டினம் போன்றவற்றைக் கழற்றிவிட இதைவிடச் சுலபமான இடம் பிறகு கிடைக்காது.

படிகத்தை 500 டிகிரி வாக்கில் காற்றோட்டமாகச் சுட வேண்டும். காற்று போதாவிட்டால் வெளியேறும் அம்மோனியாவே ஆக்சைடைப் பாதி ஒடுக்கிவிடும், அதாவது அதன் ஆக்சிஜனைப் பறித்துவிடும். மஞ்சள் கலந்த ஆரஞ்சுக்குப் பதில் கருத்த தூள் வரும். கருத்த தூளில் ஆக்சிஜன் அளவு கணக்குக்கு அடங்காது, அடுத்த படியில் அலுமினிய அளவு தவறும். சுட்ட தூளை ஈரம் ஏறாமல் மூடி வையுங்கள்.

இந்தக் கட்டத்தில் சோதனைச் சான்றிதழை மட்டும் நம்பக் கூடாது. எஃகு ஆலைகளுக்கு விற்கும் ஆக்சைடுக்கு நயோபியத்தை யாரும் பிபிஎம் அளவில் பார்த்திருக்க மாட்டார்கள், பார்க்க வேண்டிய தேவையும் அவர்களுக்கு இல்லை. நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

படி 2: அலுமினியத்தால் ஒடுக்குவது

மூன்று மூலக்கூறு பென்டாக்சைடு பத்து அணு அலுமினியத்தோடு சேர்ந்து ஆறு அணு வனேடியமும் ஐந்து மூலக்கூறு அலுமினாவும் (அலுமினிய ஆக்சைடு) தரும். கிலோவில் சொன்னால் 100 கிலோ ஆக்சைடுக்கு 49.4 கிலோ அலுமினியம். கிடைப்பது கணக்குப்படி 56 கிலோ வனேடியமும் 93 கிலோ கசடும். நடைமுறையில் அலுமினியத்தைக் கூடுதலாகவே போட வேண்டும். மிஞ்சும் அலுமினியம் வனேடியத்தில் கரைந்து 10 சதவீதத்துக்கு மேல்கூட நிற்கலாம். அமெரிக்காவின் ஏம்ஸ் ஆய்வகத்தில் 1960-களில் உருவான முறை இப்படிப்பட்ட வனேடியம்-அலுமினியக் கட்டியை வேண்டுமென்றேதான் செய்தது. அந்த அலுமினியம் அடுத்த படியில் ஒரு வேலை செய்யப் போகிறது, கொஞ்சம் பொறுங்கள்.

பற்றவைத்தால் வினை தானாக ஓடும், வெளி வெப்பம் தேவையில்லை. உலோகமும் கசடும் இரண்டுமே உருகி, கனமான உலோகம் கீழே இறங்கும். மூசையின் (உருக்கும் பாத்திரம்) உட்பூச்சு அலுமினாவாக இருக்கட்டும். கிராஃபைட் பக்கமே போகாதீர்கள், வனேடியம் கார்பனை விழுங்கிவிடும். அலுமினியமும் தூய்மையானதாக, பொடியாக இல்லாமல் குறுணையாக இருந்தால் நல்லது. பொடியின் மேற்பரப்பில் ஆக்சைடும் ஈரமும் அதிகம்.

இப்போது முக்கியமான இடம். எஃகுக்கான ஃபெரோவனேடியம் (இரும்பு-வனேடியக் கலவை) செய்கிற இடங்களில் இந்த வினையைத் திறந்த மூசையில் நடத்துவார்கள். 2,000 டிகிரிக்கு மேல் கொதிக்கும் உருகல் காற்றோடு உரசும்போது நைட்ரஜன் உள்ளே போகும். இணைவு உலைத் தரத்துக்கு இது ஆகாது. பாத்திரம் காற்றுப் புகாமல் மூடப்பட்டு, காற்றை உறிஞ்சி எடுத்து, ஆர்கான் வாயு நிரப்பியபின் பற்றவைக்க வேண்டும். ஏம்ஸ் முறையில் மூடிய எஃகுக் கலன் பயன்பட்டது. ஜப்பான் வார்ப்பிலும் தொழிற்சாலையின் வழக்கமான முறையை இந்த இடத்தில்தான் இறுக்கினார்கள். சோற்று உலையில் விழுந்த உப்பை வடித்தெடுக்க முடியாதது போலத்தான் இங்கே நுழையும் நைட்ரஜனும். மூடியின் கேஸ்கட், ஆர்கான் குழாயின் இணைப்பு, கலவைத் தூளின் இடுக்குகளில் தங்கிய காற்று: மூன்றையும் ஒவ்வொரு முறையும் சரிபாருங்கள். முதலில் ஒரு முறை வெற்றிடமாக்கி ஆர்கான் விட்டு, அதையும் உறிஞ்சி மறுபடி ஆர்கான் விடுவது நல்ல பழக்கம்.

ஆறியதும் கசடைத் தட்டி எடுத்து, கட்டியின் மேல்தோலைக் கடைந்து நீக்குங்கள். தோலைத்தான் முதலில் கசடும் வாயுவும் தொட்டிருக்கும். தோலுக்குச் சற்று உள்ளே ஒரு மாதிரி எடுத்து நைட்ரஜன் பாருங்கள். அளவு மீறியிருந்தால் அந்தக் கட்டியை எஃகு ஆலைக்கு விற்றுவிடுங்கள், அடுத்த படிக்கு அனுப்பி மின்சாரத்தை வீணடிக்க வேண்டாம்.

படி 3: எலெக்ட்ரான் கற்றையில் உருக்குவது

வெற்றிட அறைக்குள், நீரால் குளிர்விக்கும் செம்பு மூசையின் மேல் கட்டியைக் கிடையாகப் பிடித்து, எலெக்ட்ரான் கற்றையை நுனியில் பாய்ச்சினால் அது உருகித் துளித்துளியாக விழும். செம்பு குளிர்ந்தே இருப்பதால் உருகல் அதைத் தொட்டவுடன் உறைந்து தன் ஓட்டிலேயே நிற்கும். மூசையிலிருந்து அழுக்கு ஏறாது.

இங்கேதான் மிஞ்சிய அலுமினியத்தின் வேலை. வனேடியம் 1,910 டிகிரியில் உருகும். அந்தச் சூட்டில் அலுமினியம் தானாகவே ஆவியாகிறது. போகும்போது கரைந்திருக்கும் ஆக்சிஜனையும் கூட்டிக்கொண்டு, அலுமினியத்தின் கீழ்நிலை ஆக்சைடு ஆவியாகப் போகிறது. ஆக்சிஜனைக் குறைக்க அலுமினியம் தேவை, ஆனால் கடைசியில் அலுமினியமே இருக்கக் கூடாது. அதனால்தான் ஒரே உருக்கலில் முடியாது. இரண்டு மூன்று முறை உருக்கிக் கீழே கொண்டுவர வேண்டும். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் வனேடியமும் ஆவியாகிச் சுவரில் படியும். அந்த இழப்பை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். முதல் கட்டியில் அலுமினியம் மிகக் குறைவாக இருந்தால் ஆக்சிஜன் நிற்கும். மிக அதிகமாக இருந்தால் உருக்கல் கூடி இழப்பும் கூடும். அலுமினிய அளவு தவறக் கூடாது என்று படி 1-லேயே எச்சரித்தது இதற்காகத்தான்.

நைட்ரஜனுக்கு இங்கே வழி இல்லை. வனேடியத்தோடு அதன் பிணைப்பு வலுவானது, ஆவியாக விடாது. வனேடியம் ஆவியாகிக் குறைவதால் நைட்ரஜன் பிபிஎம் கணக்கில் சற்றே ஏறக்கூடும்.

உலையின் வரலாற்றையும் கேளுங்கள். எலெக்ட்ரான் கற்றை உலைகளுக்கு வழக்கமான வாடிக்கையே நயோபியமும் டான்டலமும்தான். முந்தைய வாரம் நயோபியம் உருக்கிய உலையின் சுவரில் படிந்திருக்கும் செதில் ஒன்று உங்கள் உருகலில் விழுந்தால் போதும், ஒரு பிபிஎம் என்ற கனவு அங்கேயே முடிந்தது. 80 கிலோ வார்ப்பில் ஒரு பிபிஎம் என்பது 80 மில்லிகிராம், சின்னச் செதில்தான். சுவரைச் சுரண்டித் துடைத்த பிறகு, விலை குறைந்த வனேடியத்தை ஒருமுறை உருக்கி அறையைக் கழுவிவிடுவது வீண் செலவு இல்லை.

படி 4: கலவையாக்குவது

குரோமியத்தை எலெக்ட்ரான் கற்றை உலையில் சேர்க்க முடியாது. அதன் உருகுநிலை வனேடியத்துக்கு ஏறக்குறைய சமம், 1,907 டிகிரி. ஆனால் ஆவியழுத்தம் மிக அதிகம். உயர் வெற்றிடத்தில் போட்டால் புகையாகிச் சுவரில் போய் ஒட்டும். ஆகவே கலவைக்கு வெற்றிட மின்வில் உலை. தூய வனேடியத்தோடு கணக்குப் பார்த்த குரோமியம், டைட்டானியத் துண்டுகளை அடுக்கி, ஒரு நீள மின்முனையாக வெல்டு செய்து, அதையே வில்லில் உருக்கி வார்ப்பது. 80 கிலோ வார்ப்புக்கு ஒவ்வொன்றும் 3.2 கிலோ. குரோமியத்தை மட்டும் ஆவியிழப்புக்காகச் சற்றுக் கூட்டிப் போட வேண்டும்; எவ்வளவு என்பது உங்கள் உலையின் அழுத்தத்தையும் வேகத்தையும் பொறுத்தது, சின்ன வார்ப்பு ஒன்றில் அளந்துதான் தெரியும்.

ஒரு முறை உருக்கினால் குரோமியமும் டைட்டானியமும் சீராகப் பரவாது. கட்டியைத் தலைகீழாக்கி இரண்டாம் முறை உருக்குங்கள். மேல், நடு, கீழ் என மூன்று இடத்தில் மாதிரி எடுத்துச் சரிபார்த்த பிறகே அடுத்த படி.

சேர்க்கும் டைட்டானியத்தின் தூய்மையை மறந்துவிடுகிறார்கள். வனேடியத்தை இவ்வளவு பாடுபட்டுச் சுத்தம் செய்துவிட்டு, ஆக்சிஜன் ஆயிரம் பிபிஎம் உள்ள சந்தை டைட்டானியத்தை 4% போட்டால் அதிலிருந்தே 40 பிபிஎம் வந்துவிடும்.

படி 5: அடித்துத் தட்டையாக்குவது

வனேடியம் பென்டாக்சைடு 700 டிகிரியை எட்டும் முன்பே உருகிவிடும். எஃகின் மேல் துரு படலமாக நிற்கும், வனேடியத்தின் மேல் அதுவும் நிற்காது. சூட்டில் ஆக்சைடு வழிந்தோட, புது உலோகம் காற்றுக்குத் திறந்துகொண்டே போகும். கலவையை 1,100 முதல் 1,150 டிகிரியில் ஃபோர்ஜ் செய்ய (அடித்து வடிவமாக்க) வேண்டியிருப்பதால், வெறுமனே உலையில் வைக்க வழியே இல்லை. துருப்பிடிக்காத எஃகு உறைக்குள் வைத்து, உறைக்குள் வெற்றிடமாக்கி, வாயை வெல்டு செய்து மூடிய பின்தான் சூடேற்ற வேண்டும். உறையும் கட்டியும் ஒட்டிக்கொள்ளாமல் இடையில் தடுப்புத் தகடு ஒன்று இருக்கட்டும்; எஃகிலுள்ள நிக்கல் வனேடியத்தோடு சேர்ந்தால் உருகுநிலை வெகுவாக இறங்கிவிடும்.

ஃபோர்ஜிங்கும் சூட்டு ரோலிங்கும் முடிந்ததும் உறையை வெட்டி எடுத்து, தோலைக் கடைந்து நீக்குங்கள். அதற்குப் பிறகு எல்லா ரோலிங்கும் குளிர்நிலையில்தான். நல்ல தூய்மையுள்ள 4-4 அறை வெப்பநிலையிலேயே நன்றாக ரோல் ஆகும். ஓரத்தில் விரிசல் விடத் தொடங்கினால் அதுவே உங்களுக்குக் கிடைக்கும் முதல் தரச் சான்று, மோசமான சான்று. அமெரிக்க வார்ப்பைச் சுமார் 400 டிகிரிக்குச் சூடாக்கி ரோல் செய்தார்கள், ஜப்பான் வார்ப்பைக் குளிராகவே 0.25 மி.மீ. வரை இறக்கினார்கள்.

மெலிய மெலிய ஆபத்து கூடுகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு சதுர மீட்டர், 0.25 மி.மீ. தகட்டின் எடை சுமார் ஒன்றரை கிலோ. அதில் 100 பிபிஎம் ஆக்சிஜன் ஏற 0.15 கிராம் போதும். அரை லிட்டர் காற்றில் அவ்வளவு ஆக்சிஜன் இருக்கிறது. வெற்றிட உலையில் ஒரு சின்னக் கசிவு ராத்திரி முழுக்க இருந்தால் முதல் மூன்று படிகளின் உழைப்பு போச்சு. குழாய் இழுக்கும்போது இன்னும் மோசம், ஏனென்றால் இடையிடையே பலமுறை அனீல் செய்தாக (சூடாக்கி மென்மையாக்கியாக) வேண்டும்.

படி 6: அனீலிங்

இறுதி அனீலிங் 1,000 டிகிரியில் ஒரு மணி நேரம், 10⁻⁴ பாஸ்கல் அளவுக்குக் கீழான வெற்றிடத்தில். தகட்டைச் சுத்தமான டைட்டானியம், சிர்கோனியம் அல்லது டான்டலம் படலத்தில் சுற்றி வையுங்கள். உலையில் மிஞ்சும் ஆக்சிஜனை அந்தப் படலம் முதலில் வாங்கிக்கொள்ளும். எண்ணெய் பம்பு இருக்கும் உலை வேண்டாம், எண்ணெய் ஆவியிலிருந்து கார்பன் ஏறும்.

ஏன் 1,000? கலவையில் உள்ள டைட்டானியம், மிஞ்சியிருக்கும் ஆக்சிஜன், நைட்ரஜன், கார்பனைப் பிடித்து நுண்ணிய துகள்களாக ஒதுக்கி வைக்கிறது. கலவையில் டைட்டானியம் இருப்பதற்கான காரணங்களில் இதுவும் ஒன்று. 1,000 டிகிரியில் ரோலிங்கில் நசுங்கிய படிக மணிகள் புதிதாக எழுந்து, 20 மைக்ரான் வாக்கில் சீராகின்றன; துகள்கள் அப்படியே இருக்கின்றன. 1,100 தாண்டினால் துகள்களில் ஒரு பகுதி கரைந்து, ஆக்சிஜன் மறுபடி உலோகத்துக்குள் விடுபடும். கடினம் ஏறும், சார்பி தாக்கச் சோதனையில் மதிப்பு (திடீர் அடியைத் தாங்கும் திறன்) இறங்கும். சூடு அதிகமானால் நல்லது என்ற எண்ணம் இங்கே எடுபடாது.

ஹைட்ரஜன் ஒரு தனிக்கதை, ஆனால் சுலபமான கதை. அமிலத்தில் துடைப்பது, நீரில் மூழ்கடித்துக் கம்பி மின்பொறியால் வெட்டுவது ஆகியவற்றில் அது உள்ளே போகும். 400 டிகிரியில் வெற்றிடத்தில் ஒரு மணி நேரம் வைத்தால் வெளியே வந்துவிடும்.

படி 7: வெல்டிங்

தூய்மைக்காகப் பட்ட பாட்டின் பலன் இங்கேதான் கிடைக்கும். வெல்டிங் குளத்தில் உலோகம் உருகும்போது, அனீலிங்கில் ஒதுக்கி வைத்த துகள்கள் அத்தனையும் கரைந்துவிடுகின்றன. வேகமாக உறைவதால் மறுபடி துகளாக நேரமில்லை. ஆக்சிஜன், நைட்ரஜன் எல்லாம் உலோகத்துக்குள்ளேயே சிக்கி வெல்டைக் கடினமாக்கும். 300 பிபிஎம் வார்ப்பில் இந்தக் கடினம் வெல்டை நொறுங்க வைத்துவிடும். பிறகு 900 டிகிரி வாக்கில் சூடாக்கித்தான் சரிசெய்ய வேண்டும். வீட்டளவு பெரிய இணைவு உலைச் சுவரை வெற்றிடத்தில் 900 டிகிரிக்குச் சூடாக்குவது எப்படி என்று யோசித்தாலே போதும், குறைந்த ஆக்சிஜனுக்கு ஏன் இவ்வளவு அடம் என்று புரியும். 150 பிபிஎம் வார்ப்பில் அந்தச் சூட்டுச் சிகிச்சை இல்லாமலே வெல்டு தாங்கும் வாய்ப்பு திறந்தது.

வெல்டிங்கும் திறந்த வெளியில் ஆகாது. டிக் வெல்டிங் (டங்ஸ்டன் மின்முனை வில்லால் செய்வது) என்றால் ஆர்கான் நிறைந்த கையுறைப் பெட்டிக்குள், அந்த ஆர்கானையும் சுழற்றிச் சுத்தம் செய்துகொண்டே. நிரப்புக் கம்பி தகட்டைவிடத் தூய்மையாக இருக்க வேண்டும், ஏனென்றால் வெல்டில் அதிகம் சேருவது அதுதான். லேசர் வெல்டிங்கில் உருகும் பகுதி குறுகலானது, பெட்டி இல்லாமல் ஆர்கான் ஊதியே சமாளிக்க முடிகிறது. களத்தில் செய்யவேண்டிய மூட்டுகளுக்கு நான் லேசரைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

படி 8: சோதனை

ஆக்சிஜன், நைட்ரஜன், ஹைட்ரஜனுக்கு மந்த வாயுவில் உருக்கி அளக்கும் கருவி. கார்பனுக்கு எரித்து அகச்சிவப்பில் அளப்பது. நயோபியம், மாலிப்டினம் போன்றவற்றுக்கு ஒளிர்மின்னிறக்க நிறை நிறமாலைமானி. விக்கர்ஸ் கடினம் தினசரிக்கு வசதியான அளவுகோல்: அனீல் செய்த நல்ல தகடு 140-ஐ ஒட்டி நிற்கும், திடீரென 20, 30 ஏறினால் ரசாயனச் சோதனை முடிவுக்குக் காத்திருக்காமல் உலையில் கசிவு தேடலாம். எல்லாச் சோதனையையும் இறுதி வடிவத்தில் செய்யுங்கள். வார்ப்புக் கட்டியில் எடுத்த எண் மெல்லிய குழாய்க்குப் பொருந்தாது.

எந்த இணைவு உலையில் போகிறது?

லித்தியம் பாயும் போர்வைக்கு (பிளாஸ்மாவைச் சூழ்ந்து நியூட்ரான்களை வாங்கிக்கொள்ளும் உலை அடுக்கு) 4-4 நன்றாகப் பொருந்தும். ஆனால் லித்தியம் வனேடியத்திலிருந்து ஆக்சிஜனை இழுத்துக்கொள்ளும், பதிலுக்குத் தன்னிடம் உள்ள நைட்ரஜனைக் கொடுக்கும்; லித்தியத்தின் நைட்ரஜன் அளவும் உங்கள் கணக்கில் வர வேண்டும். காந்தப்புலத்தில் திரவ உலோகம் ஓடும்போது எழும் அழுத்த இழப்பைத் தடுக்கச் சுவருக்கு மின்காப்புப் பூச்சு தேவை. எர்பியம் ஆக்சைடு அதற்கு முன்னணியில் உள்ள பொருள். 400 டிகிரிக்குக் கீழே நியூட்ரான் அடி பட்டால் கலவை கடினமாகி உடையும், ஆகவே சுவர் அதற்கு மேலேயே ஓட வேண்டும். ஆக்சிஜன் கலந்த ஹீலியத்தாலோ நீராலோ குளிர்விக்கும் உலைக்கு இந்தக் கலவையைப் பரிந்துரைக்க மாட்டேன்.

துண்டு துணுக்குகள்

கடைசியாக, கடைந்த சுருளும் வெட்டிய ஓரமும் நிறைய மிஞ்சும். இவற்றை நேராக எலெக்ட்ரான் கற்றை உலைக்கு அனுப்பினால் குரோமியம் பறந்துவிடும், நைட்ரஜன் அப்படியே நிற்கும். தகட்டு ஓரம் போன்ற திடமான துண்டுகளை நைட்ரஜன் அளந்து, அளவுக்குள் இருந்தால் மட்டும் வில் உலையின் மின்முனையில் சேர்க்கலாம். சுருள்களில் மேற்பரப்பு அதிகம், வெட்டு எண்ணெயும் ஒட்டியிருக்கும். அவற்றைத் தனிப் பெட்டியில் போட்டு எஃகு ஆலைக்கே கொடுத்துவிடுங்கள். பெட்டிகளின் மேல் வார்ப்பு எண் எழுதாமல் விடாதீர்கள்.